கடைசிப் பந்திக்கு ஒரு கிடாரம்

மகனே, நான் உனக்கு அனுப்பிய குரல் பதிவுகளில் ஒன்றுக்காவது நீலக் குறி விழவில்லை. போன் எடுத்தால் துண்டிக்கிறாய். வாப்பாவின் போனிலிருந்து எடுத்தால் "வேலையில நிக்கிறன்" என்கிறாய். அதனால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். நீ பார்க்காவிட்டாலும் உன் கூட்டாளிமாரில் ஒருவன் பார்த்து, "மச்சான், உங்க உம்மா எழுதியிரிக்கா, பாத்தியா?" என்று உன் மூக்குக்குக் கீழே நீட்டாமலா இருப்பான்! உன் கலியாணத்துக்கு நாங்கள் வைத்த வலீமா விருந்தன்று பின்னேரம் நீ ஸலாம் சொல்லாமல் வேனில் ஏறினாய். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவது நம்மிடம் வழக்கம்தான், ஆலங்குடாவிலிருந்து புத்தளம் ஒன்றும் கடல் கடந்த தேசமும் இல்லை. ஆனால் நீ போனது குடிபோன மாதிரி இல்லை, கோபித்துக்கொண்டு போன மாதிரி. ஊரார் முன்னால் உம்மா என் மானத்தை வாங்கிவிட்டா என்று பெரிய மாமாவிடம் சொன்னாயாம். வாங்கினேனா இல்லையா என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். நடுவில் விட்டுவிட்டுப் போகாமல் முழுதாய் வாசி.

என் கணக்குப் பைத்தியம் உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பை இந்த வயதில் போனுக்குள் தேடிப் பிடித்தவள் நான். ஒரு வெள்ளைப் பலகை, ஒரு கீச்சுக் குரல், முகத்தையே காட்டாத ஒரு தம்பி. அவர் புதுக் காணொளி போட்டால் முதல் இதயமும் என்னுடையது, முதல் கருத்தும் என்னுடையது. "உம்மா, அவன் உங்களுக்குச் சம்பளம் தாறானா?" என்று நீ நக்கலடிப்பாய். உன் கலியாணத்துக்கு முந்தின கிழமைதான் அவர் பின்னத்தால் வகுப்பதைத் தொடங்கினார். ஒரு வாளியில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப ஆறு கோப்பைத் தண்ணீர் போனது. முழு வாளிக்கு எத்தனை கோப்பை? பாடசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒரே மந்திரம்தான்: தலைகீழாக்கு, பெருக்கு. ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று கேட்டால் காதுதான் சிவக்கும். அந்தத் தம்பி வாளியை மூன்று கட்டமாகப் பிரித்தார். இரண்டு கட்டத்துக்கு ஆறு என்றால் ஒரு கட்டத்துக்கு மூன்று. முழு வாளி என்றால் மூன்று கட்டம், ஆகவே ஒன்பது. இரண்டால் வகுத்தார், மூன்றால் பெருக்கினார். அட, தலைகீழ் என்றால் இதுதானா! கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு நான் போட்ட கூச்சலில் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து உன் வாப்பா தடியோடு ஓடிவந்தார்.

இனி வலீமாவுக்கு வருகிறேன். நீ மாப்பிள்ளைக் கதிரையில் இருந்து பார்த்தது ஒன்று, பின்வளவில் நடந்தது வேறு. பந்தலில் ஒரு நேரத்தில் பதினெட்டுச் சஹன் வைக்கலாம். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர், ஒரே தட்டில் ஆறு கை. மூன்று பந்தி போடுவது என்று முடிவு: முதல் இரண்டும் ஆண்கள், கடைசி பெண்கள். மொத்தத்துக்கும் நாலு பெரிய கிடாரம் நிறையப் புரியாணி. சமையல்கார நானா சஹனுக்கு இரண்டரைக் கோப்பை என்று அளவு சொல்லி வைத்திருந்தார். அந்த அளவில் போட்டிருந்தால் மூன்று பந்திக்கும் போதுமாகக் கண்டு, அடியில் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும். முதல் பந்தியில் பெண் வீட்டு ஆண்கள் வந்து இருந்தார்கள். பெரிய மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பரிமாறுகிற பெடியன்களுக்குப் பின்னால் நின்றார். "மூணு கோப்பை போடுங்கடா. மலையாப் போடுங்க. தட்டுத் தெரியப்படாது. அகதி ஊட்டுக் கலியாணத்துல அரை வயித்தோட எழும்பினம் எண்டு ஒருத்தன் சொல்லப்படாது!"

கூடப்பிறந்த என் நானாவை, உன் பெரிய மாமாவை, நான் குறை சொல்லமாட்டேன். தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்கு ஆறு வயது, ஒன்றும் சரியாக நினைவில்லை. அவருக்குப் பதினைந்து. எங்கள் எல்லாருக்குமாகத் தட்டேந்தி வரிசையில் நின்றவர் அவர். அவர் வீடு கட்டி, வள்ளம் வாங்கி, மகள்மாரைக் கட்டிக் கொடுத்த பிறகும் புத்தளத்துக் கடைத் தெருவில் யாராவது "அகதி ஆக்கள்" என்று வாய் தவறிச் சொன்னால் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். சோறு மலையாக எழும்பிய அந்தச் சஹன்களைக் கதவிடுக்கால் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, அதை மறைக்கமாட்டேன். "மாஷா அல்லாஹ், பாருங்கடி!" என்று பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன்.

அதே மூன்று கோப்பையோடு இரண்டாம் பந்தியும் எழும்பிக் கை கழுவிக்கொண்டிருந்த நேரம், இனிப்புக்கு வட்டிலப்பம் வெட்டியாயிற்றா என்று பார்க்கப் பின்வளவுக்குப் போனேன். மணலில் மூன்று கிடாரம் கவிழ்ந்து கிடந்தது. ஒன்று மட்டும் மூடியில் தணலோடு, திறக்காமல் இருந்தது. "நானா, இவ்வளவுதானா மிச்சம்?" என்று சமையல்கார நானாவிடம் கேட்டேன். அவர் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன தங்கச்சி பயப்படுற? ஈக்கிறது ஒரு பந்தி, ஈக்கிறது ஒரு கிடாரம். நேர்தானே" என்றார். அல்லாஹ்வே, கேட்பதற்கு அது எவ்வளவு அழகாக இருந்தது! ஒன்றுக்கு ஒன்று. "ஓம், நேர்தான்" என்று நானும் திரும்பினேன். வட்டிலப்பத் தட்டைத் தூக்கிய பிறகுதான் மண்டைக்குள் அந்தக் கீச்சுக் குரல் கேட்டது. மூன்று கிடாரம் எத்தனை பந்திக்குப் போனது? இரண்டு பந்திக்கு. அதாவது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்களுக்கு. யா அல்லாஹ், இது அந்த வாளி!

தட்டை வைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு மணலில் குந்தி, விறகுக் குச்சியால் கீறினேன். மூன்று. பக்கத்தில் மூன்றில் இரண்டு. பதற்றத்தில் இரண்டையும் பெருக்கிவிட்டேன். இரண்டு என்று வந்தது. இரண்டு கிடாரமே எல்லாருக்கும் காணும் என்று வந்தது! கண் மூடித் திறக்கும் நேரம் சந்தோஷம்கூடப் பட்டேன். பிறகு உறைத்தது. ஒரு பகுதி ஆட்களுக்கே மூன்று போயிருக்கிறது, முழுப்பேருக்கும் எப்படி இரண்டு காணும்? முழுசு பகுதியைவிடச் சின்னதாக இருக்க ஏலுமா? கையால் அழித்துவிட்டு நீளமாக ஒரு பெட்டி கீறினேன், மூன்று கட்டமாக்கினேன். இரண்டு கட்டத்துக்கு மூன்று கிடாரம், ஆகவே ஒரு கட்டத்துக்கு ஒன்றரை. மூன்று கட்டத்துக்கு நாலரை. நம்மிடம் இருந்தது நாலு. அரைக் கிடாரம் இல்லை. அரைக் கிடாரம் என்றால் ஆறு சஹன். ஆறு சஹன் என்றால் முப்பத்தாறு பெண்கள் கை கழுவிக்கொண்டு வந்து வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். உள்ளே பெண்கள் சேலையைச் சரி செய்வதும், பிள்ளைகளை இழுத்துப் பிடிப்பதும் கதவு வழியே எனக்குத் தெரிந்தது.

பெரிய மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "போன்ல படிச்ச கணக்க இங்க கொண்டு வராதடி! முழுக் கிடாரம் ஒண்டு இரிக்கி, கண்ணு தெரியலயா?" என்று பாய்ந்தார். "நானா, ஒரு கிடாரத்துல எத்தனை சஹன் போச்சு எண்டு இவர்ட்ட கேளுங்க" என்று சமையல்காரரைக் காட்டினேன். சமையல்கார நானா விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். "பன்னெண்டு" என்றார். பிறகு பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பெடியன்கள் பதினெட்டு இடத்துக்குப் பாய் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். "இப்ப ஆக்க ஏலாதா?" என்று கேட்டார், அதட்டலாக இல்லை, கெஞ்சலாக. "அரிசி ஊறணும், எறச்சி வேகணும், தம்முல வைக்கணும். ரெண்டு மணித்தியாலம். அவசரப்படுத்தினா புரியாணி வராது, கஞ்சிதான் வரும். நான் ரெண்டர சொன்ன. மூணு போடச் சொன்னது ஆரு?" என்றார் சமையல்கார நானா.

அப்போதுதான் நீ வந்தாய். புதுக் கோட்டு, கழுத்தில் வேர்வை, யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டதாய்ச் சொல்லிக்கொண்டு வந்தாய். மாமா உன் கையைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். நீ யோசித்தாய். அதிக நேரம்கூட எடுக்கவில்லை. "பொண்ணு ஊட்டு ஆக்கள் பன்னெண்டு சஹன்தானே? கிடாரமும் பன்னெண்டு சஹனுக்குத்தானே? அப்ப நேரா இரிக்கி. அவங்களுக்கு மலையா வைங்க. எங்கட ஆக்கள் பொறகு சாப்பிடட்டும்." மாமா உன் தலையைப் பிடித்து முத்தமிட்டார். "பாத்தியாடி, இதுதான் மூளை!" சமையல்கார நானாகூட மூச்சு விட்டார். "பொறகு எண்டா எப்ப? எதை?" என்று கேட்டது நான் மட்டும்தான். "பேக்கரியில பாண் எடுப்பம் உம்மா, எறச்சிக் கறி இரிக்கிதானே. எங்கட ஆக்கள்தானே, பொறுப்பாங்க" என்றாய்.

எங்கட ஆக்கள் யார், மகனே? பாதிப் பேர் அன்று விடியலில் மன்னாரில் பஸ் ஏறி, மடியில் பிள்ளையோடு வந்தவர்கள். மீதிப் பேர் முந்தின நாள் முழுக்க நம் வளவில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக் கண் சிவந்தவர்கள். அவர்கள் பொறுப்பார்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. நான் "பொறுங்க" என்று சொல்லியிருந்தால் ஒருத்திகூட முகம் சுளித்திருக்கமாட்டாள். வாங்கோ வாங்கோ என்று பெண் வீட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரமாய் நின்றிருப்பார்கள். அதுதான் என் நெஞ்சைப் பிடித்தது. பொறுத்துப் பழகினவர்களைத்தானே ஒவ்வொரு தடவையும் பொறுக்கச் சொல்கிறோம்?

உன் கணக்கில் பிழை இல்லை. பன்னிரண்டை முழு ஒன்று என்று வைத்தாய். அதற்கு ஒரு கிடாரம் கச்சிதமாகக் கண்டது. எனக்கு முழு ஒன்று பதினெட்டு. அவ்வளவுதான் நமக்குள் சண்டை. வகுக்கிறதுக்கு முன்னால் எதை ஒன்று என்று எடுப்பது என்பதை எந்தக் காணொளியும் உனக்குச் சொல்லித் தராது, அதை நீயேதான் முடிவெடுக்க வேண்டும். நான் மணலில் இன்னொரு வரி கீறினேன். ஒரு பந்திக்கு ஒன்றரைக் கிடாரம் கேட்கிற இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அரை அரையாய் எண்ணினால் ஒன்றரையில் மூன்று அரை, ஒன்றில் இரண்டு அரை. ஆகவே மூன்று கேட்கிற இடத்தில் இரண்டு. ஆண்களுக்கு மூன்று கோப்பை போனது, பெண்களுக்கு இரண்டு கோப்பை. பதினெட்டுக்கும் இரண்டு, அவர்களுக்கும் இரண்டு, நம்மவர்களுக்கும் இரண்டு. கோழிப் பொரியல் சஹனுக்கு ஆறு துண்டு எண்ணித்தான் வைத்திருந்தது, அது குறையாது. இதைச் சொன்னபோது நீ கத்தினாய். "உம்மா, ஆம்புளயளுக்கு மலையாப் போட்டுட்டுப் பொம்புளயளுக்கு ரெண்டு கோப்பையா? போட்டோ எடுத்துப் போடுவாங்க! என்ட மானம் போகும்!" நான் "போகட்டும்" என்றேன். பெடியன்கள், சமையல்காரர், மாமா, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லைத்தான் நீ இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறாய், தெரியும். திருப்பி எடுக்கமாட்டேன்.

ஆனால் நான் தைரியசாலி என்று நினைக்காதே. உன் மாமியைத் தேடி உள்ளே போகும்போது இரண்டு தடவை பாதி வழியில் திரும்பப் பார்த்தேன். உன் மனைவியின் உம்மா எப்படிப்பட்டவர் என்று அன்று எனக்கு என்ன தெரியும்? பேச்சு வார்த்தைக்கு வந்த நாளிலும் அவர் அதிகம் கதைக்கவில்லை. அவரை ஒரு பக்கமாக அழைத்துப்போய், உறவு முறை சொல்லி, "மச்சி, சோறு காணாது. ஆம்புளயளுக்குக் கூடிப் போச்சு. சஹனுக்கு ரெண்டு கோப்பைதான் வைக்க ஏலும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பின்னால் அவருடைய சொந்தக்காரப் பெண்கள் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். "எல்லாருக்குமா?" என்று கேட்டார். "எல்லாருக்கும். உங்க ஆக்களுக்கும் எங்க ஆக்களுக்கும் ஒரே கோப்பை." "அப்ப என்னத்துக்கு மச்சி நிக்கிறீங்க? வைங்க. பசிக்குது."

அளக்கிற கோப்பையை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. மூடி திறந்ததிலிருந்து கிடாரத்துக்குப் பக்கத்தில் நானே நின்று, கோப்பையின் விளிம்பைக் கையால் வழித்து வழித்துப் போட்டேன். பாதி போன பிறகு பார்த்தால் கிடாரத்தில் பாதிக்கும் குறைவாகத் தெரிந்தது. கிடாரம் அடியில் ஒடுங்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சமையல்கார நானா எட்டிப் பார்ப்பதும் விலகுவதுமாக இருந்தார். பெரிய மாமா தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நின்றார், அவருடைய உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. பதினெட்டாவது சஹனுக்கு இரண்டாவது கோப்பையை அள்ளியபோது அகப்பை அடியில் கரகரவென்று உரசியது. கோப்பை நிறைந்தது. கிடாரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பருக்கைகள்தான் மிச்சம்.

பந்தலில் கதை வராமல் இருக்கவில்லை. பெண் வீட்டில் ஒருத்தி, "எங்க ஊட்டுக்காரர் ஏப்பம் விட்டுட்டு வந்து சொன்னார், மலை மலையா வச்சாங்களாம். எங்களுக்கு மட்டும் மேடா?" என்றாள். எனக்கு உடம்பு எரிந்தது. ஆனால் அவளுக்குப் பதில் சொன்னது அவளுடைய சொந்த மச்சியே. "மலையத் திண்டது ஆரு? உங்க மனிசன்தானே? ஊட்டுக்குப் போய் அவர்ட வயித்தப் பிடிச்சிக் கேளு!" சிரிப்பு ஒரு சஹனிலிருந்து மற்றதற்குத் தாவியது. ஆனாலும் நீ பயந்தது நடந்தது. இளசு ஒருத்தி படமெடுத்து, "ஆண்களுக்கு மலை, எங்களுக்கு மேடு" என்று சிரிப்பு முகத்தோடு போட்டுவிட்டாள். நீ வேனில் பார்த்தது அதைத்தான். நீ பார்க்காதது, பந்தி எழும்பிய பிறகு இருந்த சஹன்கள். வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள். முதல் பந்தி எழும்பியபோது மலைகள் பாதி பாதியாய் ஆட்டுக்குப் போனதை நீயும் பார்த்தாய்தானே?

இவ்வளவும் உன் மானத்துக்கான கணக்கு. இனிச் சொல்லப் போவதை அன்று நானே கவனிக்கத் தவறினேன். பெண்கள் பந்தியில் வந்து இருந்தபோது முன்வரிசையில், தன் உம்மாவுக்குப் பக்கத்தில், உன் மனைவிக்கு இடம் வைத்திருந்தது. அவள் அங்கே இருக்கவில்லை. கலியாண உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பின்வரிசைக்குப் போய், நம்முடைய வெங்காயம் உரித்த பெண்களின் சஹனில் ஆறாவது ஆளாக உட்கார்ந்தாள். அவளுடைய உம்மா கூப்பிட்டும் எழும்பவில்லை. புதுப் பெண், மரியாதை காட்டுகிறாள் என்று நான் நினைத்தேன். நேற்று அவள் எனக்குப் போன் எடுத்தாள். அதையும் இதையும் கதைத்துவிட்டு, "மாமி, நான் உடுப்பு மாத்தின அறைக்கு ஒரு ஜன்னல் ஈக்குதுதானே, அது திறந்து கிடந்திச்சு" என்றாள். அந்த ஜன்னல் பின்வளவைப் பார்த்த ஜன்னல். "எங்கட ஆக்கள் பொறகு சாப்பிடட்டும் எண்டு அவர் சொன்னது கேட்டிச்சு. நீங்க சொன்னது கேக்கல்ல, அதுக்குள்ள என்னக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நானும் இப்ப உங்கட ஊட்டு ஆள்தானே மாமி. அந்தப் பாய்க்கு சோறு வராது எண்டு நெனச்சுத்தான் போய் இருந்தேன்."

"அவர்ட்ட ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன். "அவர் இன்னும் கேக்கல்லயே" என்றாள்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் ஓம் என்ற பிறகுதான் போடுகிறேன். என்னோடு நீ எப்போது கதைப்பாய் என்று கேட்கப் போவதில்லை. அது உன் விருப்பம், நான் பொறுப்பேன். நீ முதலில் போய் அவளுக்குப் பக்கத்தில் இரு. அன்று சாப்பாடு வராது என்று நினைத்த இடத்தில் ஏன் போய் இருந்தாய் என்று கேள். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதே.